மாத்திரை எதை நிறுத்துகிறது? ஆஸ்டியோசார்கோமா திரும்பி வரும்போது இலக்கு மருந்துகளில் எதைத் தேர்வது

முழங்காலுக்கு மேலே இருந்த கட்டியை எடுத்து, உள்ளே உலோக மூட்டு வைத்தாகிவிட்டது. முன்னும் பின்னுமாகக் கீமோவும் முடிந்துவிட்டது. முடி மறுபடி முளைத்து, பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாள், வழக்கமாக எடுக்கும் சி.டி. ஸ்கேனில் நுரையீரலின் ஓரமாக மிளகு அளவில் இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளிகள். ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் திரும்பி வரும்போது பெரும்பாலும் இப்படித்தான், நுரையீரலில் வந்து நிற்கிறது. அடுத்த சந்திப்பில் மருத்துவர் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார், இன்னொரு கீமோ பற்றிப் பேசுவார், அப்புறம் இலக்கு மருந்துகள் என்று சில மாத்திரைகளின் பெயரைச் சொல்வார்: ரெகோராஃபெனிப், காபோசான்டினிப், சோராஃபெனிப். சில இடங்களில் அபாடினிப்.

வீட்டுக்கு வந்து தேடினால் எல்லா மருந்துக்கும் ஒரே மாதிரி வாக்கியம் வருகிறது: புற்றுநோய் செல்களை மடிய வைக்கிறது, அவை பரவுவதையும் தடுக்கிறது. எல்லாமே கொல்கிறது, எல்லாமே தடுக்கிறது என்றால் எதைத் தேர்வது? நான் சில வருடங்கள் செல் வளர்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியம் எப்படிப் பிறக்கிறது என்று கிட்ட இருந்து பார்த்ததால் சொல்கிறேன், அது பொய் இல்லை. ஆனால் தட்டில் செல் சாவது ஒன்று, ஸ்கேனில் கட்டி சுருங்குவது ஒன்று, நோயாளிக்கு நாள் கிடைப்பது வேறொன்று. முதலாவது நடந்தால் மூன்றாவதும் நடந்துவிடும் என்று நம்பி மருந்தைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மார்பகத்திலோ புரோஸ்டேட்டிலோ தொடங்கி எலும்புக்கு வந்து சேர்ந்த புற்றுநோய் இங்கே பேசப்படவில்லை. அதற்கு மருந்து, நோய் எந்த உறுப்பில் தொடங்கியதோ அதைப் பொறுத்தது. இது எலும்பிலேயே பிறக்கும் ஆஸ்டியோசார்கோமா பற்றியது. வளரும் வயதுப் பிள்ளைகளிடம் அதிகம் வருவது, முழங்காலைச் சுற்றியே பெரும்பாலும் தொடங்குவது.

சாக மறுக்கும் செல்

உடம்பின் எல்லாச் செல்லுக்குள்ளும் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. டி.என்.ஏ. சரிசெய்ய முடியாத அளவுக்குப் பழுதானால் பி53 என்ற புரதம் அதைக் கண்டுகொண்டு மணி அடிக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் ஓட்டை விழுகிறது, உள்ளிருக்கும் சைட்டோகுரோம்-சி வெளியே கசிகிறது, காஸ்பேஸ் என்ற நொதிகள் ஒன்றையொன்று எழுப்பிவிட்டுச் செல்லை உள்ளிருந்தே வெட்டிப்போடுகின்றன. அக்கம்பக்கத்துச் செல்களுக்குத் தொந்தரவில்லாத, ஒழுங்கான சாவு. அப்போப்டோசிஸ் என்பது இதுதான்.

பெரும்பாலான ஆஸ்டியோசார்கோமாவில் அந்த மணியே உடைந்து கிடக்கிறது. பி53 மரபணு அறுந்தோ இடம் மாறியோ போயிருக்கும். அதோடு நிற்பதில்லை, குரோமோசோம்கள் நொறுங்கி, தாறுமாறாக ஒட்டப்பட்ட நிலையில் இருக்கின்றன. ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் பிசிஆர்-ஏபிஎல் என்ற ஒரே சுவிட்சை அணைத்தால் நோய் அடங்குகிறது என்று கண்டுபிடித்து, 2001-இல் இமாடினிப் மாத்திரை வந்தது. இலக்கு மருந்து என்ற சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததே அதனால்தான். ஆஸ்டியோசார்கோமாவில் அப்படி ஒரே சுவிட்ச் கிடையாது. ஒரு கட்டியில் ரத்தக் குழாய்களை வரவழைக்கும் விஇஜிஎஃப் மரபணு பல நகல்களாகப் பெருகியிருக்கும், இன்னொன்றில் மிக் என்ற மரபணு பெருகியிருக்கும். இரண்டு நோயாளிகளின் கட்டிகளில் ஒரே பழுது இருப்பது அரிது. அதனால்தான் இங்கே பயன்படும் மாத்திரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஐந்தாறு சுவிட்சுகளைத் தொடும் வகை. அவற்றின் பலமும் பக்கவிளைவும் இரண்டும் அங்கிருந்துதான் வருகின்றன.

உடைந்த மணியை இந்த மருந்துகளால் ஒட்டவைக்க முடியாது. அவை செய்வது, செல்லைத் தாங்கி நிற்கும் முட்டுக்கட்டைகளை உருவுவது. வளர்ச்சிக் கட்டளை உள்ளே வரும் வழியை அடைத்தால், சாவைத் தள்ளிப்போடும் எம்சிஎல்-1, பிசிஎல்-2 போன்ற புரதங்கள் குறைகின்றன. ரத்தக் குழாய் வருவதைத் தடுத்தால் உணவும் ஆக்ஸிஜனும் குறைகின்றன. இப்படிச் செய்தால் சில செல்கள் சாகும். நிறையச் செல்கள் சாகாமல், வளராமல், அப்படியே காத்திருக்கும்.

பரவல் என்பதும் சாவிலிருந்து தனியான சமாசாரம் இல்லை. எனக்கு இந்த விஷயத்திலேயே மிக ஆர்வமான இடம் இதுதான். எலும்பிலிருந்து கழன்று ரத்தத்தில் மிதக்கும் செல், பிடிமானம் போனதாலேயே செத்துப்போக வேண்டும். சாதாரணச் செல்கள் அப்படித்தான் சாகின்றன. நுரையீரலில் போய் ஒட்டிக்கொண்டாலும் அந்நிய மண்; முதல் சில நாட்களிலேயே பெரும்பாலானவை அழிந்துவிடும். தப்பிப்பவைதான் கட்டியாகின்றன. 2004-இல் எலிகளில் நடந்த ஒரு ஆய்வு, எஸ்ரின் என்ற புரதம் அதிகமாக இருந்த ஆஸ்டியோசார்கோமா செல்கள் நுரையீரலில் இறங்கிய தொடக்க நாட்களைத் தாண்டிப் பிழைத்ததையும், எஸ்ரினைக் குறைத்தால் அவை பிழைக்காததையும் காட்டியது. பரவுகிற செல் என்றால் வேகமாக ஓடுகிற செல் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அது சாக வேண்டிய இடத்தில் சாகாத செல்.

தட்டில் தெரிவது

ஆய்வகத்தில் இதை எப்படி அளக்கிறார்கள் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். யு2ஓஎஸ், சாவோஸ்-2, எம்ஜி-63, 143பி என்று பெயரிட்ட செல் வகைகள் உலகம் முழுக்க வளர்க்கப்படுகின்றன. எல்லாம் ஒரு காலத்தில் யாரோ ஒரு பிள்ளையின் கட்டியிலிருந்து எடுத்தவை. யு2ஓஎஸ் 1964-இல் ஒரு 15 வயதுப் பெண்ணின் கட்டியிலிருந்து வந்தது. மருந்து போட்டு ஒரு நாள், இரண்டு நாள் கழித்து பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றிய அனெக்ஸின் என்ற புரதத்தைச் சேர்ப்பார்கள். சாகத் தொடங்கிய செல்லின் சவ்வு உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திரும்புவதால் அந்தச் சாயம் அதில் ஒட்டும். இருட்டில் பச்சை வளையங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். பரவலை அளக்க, தட்டு நிறைய வளர்ந்த செல்களின் நடுவே பைப்பெட் முனையால் ஒரு கோடு கீறுவார்கள். மறுநாள் பார்த்தால் இருபக்கச் செல்களும் நகர்ந்து வந்து இடைவெளியை மூடியிருக்கும். மருந்து போட்ட தட்டில் கோடு திறந்தே கிடக்கும். பார்க்க மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும்.

சோராஃபெனிப் இந்தச் சோதனைகளில் நன்றாகவே தேறியது. இத்தாலியக் குழு ஒன்று 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அது இஆர்கே என்ற வளர்ச்சிப் பாதையை அடைத்து, எம்சிஎல்-1-ஐக் குறைத்து, எஸ்ரின் பாதையையும் தளர்த்தியது. செல்கள் செத்தன, ரத்தக் குழாய் முளைப்பது குறைந்தது, எலிகளின் நுரையீரலில் கட்டிகளும் குறைந்தன. ஒரே மருந்து சாவையும் பரவலையும் சேர்த்துத் தொட்டது. அபாடினிப் வேறு வழியில் போகிறது: விஇஜிஎஃப் வந்து ஒட்டும் ஏற்பியான விஇஜிஎஃப்ஆர்-2, அதற்குக் கீழே கட்டளையை உள்ளே கடத்தும் ஸ்டாட்3, அதற்கும் கீழே பிசிஎல்-2 என்று இறங்கி வந்து செல்லைச் சாகவிடுகிறது, நகர்வையும் ஊடுருவலையும் குறைக்கிறது. காபோசான்டினிப் விஇஜிஎஃப்ஆர்-2-உடன் மெட், ஆக்ஸெல் என்ற இரண்டையும் பிடிக்கிறது. மெட் என்பது செல்லை இடம்பெயரத் தூண்டும் சுவிட்ச். விஇஜிஎஃப் வழி மட்டும் அடைபடும்போது கட்டிகள் தப்பித்துப் போகும் பின்வாசல்களில் அதுவும் ஒன்று. காகிதத்தில் பார்த்தால், பரவலுக்கு எதிராகக் காபோசான்டினிப்தான் சரியான சாவி போலத் தோன்றும்.

இங்கே இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. கீறின கோடு மூடாமல் இருப்பதற்குச் செல் நகராதது மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை; செல் பெருகாமல் நின்றாலோ செத்தாலோ கோடு திறந்தேதான் இருக்கும். பெருக்கத்தைத் தனியாகக் கழிக்காமல் "பரவல் குறைந்தது" என்று எழுதினால் ஒரே விளைவை இரண்டு தடவை எண்ணின மாதிரி. அடுத்தது மருந்தின் அளவு. சோராஃபெனிப் ரத்தத்தில் 99 சதவீதத்துக்கு மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டிக்குக் கிடைப்பது ஒட்டாமல் மிஞ்சும் துளி. தட்டில் கொட்டும் அளவு அந்தத் துளியைவிடப் பல மடங்கு இருந்துவிட முடியும். எனவே, எந்த மருந்து எத்தனை சதவீதச் செல்களைக் கொன்றது என்று ஆய்வகக் கட்டுரைகளை அடுக்கி வைத்து மருந்தைத் தேர்வு செய்ய வேண்டாம். மருந்து எந்த வழியாக வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள மட்டும் அவை உதவும்.

நோயாளிகளிடம் பார்த்தபோது

ரெகோராஃபெனிப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும். காரணம், இது ஒன்றுதான் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கப்பட்டு, ஒரு தடவைக்கு இரு தடவை ஜெயித்தது. பிரான்ஸில் நடந்த ரெகோபோன் ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. 26 பேருக்கு மருந்து, 12 பேருக்கு வெற்று மாத்திரை. எட்டு வாரம் கழித்து மருந்து எடுத்தவர்களில் 17 பேருக்கு நோய் முன்னேறாமல் நின்றது. வெற்று மாத்திரை எடுத்த 12 பேரில் ஒருவருக்குக்கூட நிற்கவில்லை. நோய் முன்னேறாமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு 16.4 வாரம், மற்ற பக்கம் 4.1 வாரம். அந்த 4.1 வாரம் என்ற எண்ணில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். திரும்பி வந்த இந்த நோய் மருந்து இல்லாமல் ஒரு மாதத்தில் அடுத்த படி ஏறிவிடுகிறது. அதே வருடம் அமெரிக்காவில் 42 பேரிடம் நடந்த சார்க்-024 ஆய்வும் இதே திசையைக் காட்டியது: 3.6 மாதம், எதிரே 1.7 மாதம்.

ஆனால் ரெகோபோனில் மருந்து எடுத்த 26 பேரில் கட்டி கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கியது இரண்டே பேருக்கு. நோய் முன்னேறாத மற்றவர்களுக்குக் கட்டி சுருங்காமல் நின்ற இடத்தில் நின்றது. தட்டில் பார்த்த சாவு ஸ்கேனில் பெரிதாகத் தெரியவில்லை என்று இதை வாசிக்கலாம். அதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி எலும்புக் கட்டியின் இயல்பு. ஆஸ்டியோசார்கோமா செல்கள் தங்களைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்த எலும்புப் பொருளைக் கட்டிக்கொண்டே போகின்றன. உள்ளே செல் செத்தாலும் அந்தக் கூடு கரையாது. கீமோவுக்குப் பிறகு கட்டியை வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் நோயியல் மருத்துவர், 90 சதவீதத்துக்கு மேல் செத்துவிட்டது, நல்ல பலன் என்று எழுதுவார். அதே கட்டி அறுவைக்கு முந்தைய ஸ்கேனில் பழைய அளவிலேயே இருந்திருக்கும். ஆகவே அளவு குறையவில்லை என்பதை மட்டும் வைத்து மாத்திரை தோற்றது என்று முடிவு கட்ட வேண்டாம். புதுப் புள்ளி முளைத்திருக்கிறதா, இருப்பது பெரிதாகியிருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

காபோசான்டினிப்புக்கு வருகிறேன். 2020-இல் வெளியான கபோன் ஆய்வு, பிரான்ஸிலேயே நடந்தது. மதிப்பிட முடிந்த 42 ஆஸ்டியோசார்கோமா நோயாளிகளில் 5 பேருக்குக் கட்டி சுருங்கியது, அதாவது 12 சதவீதம். ஆறு மாதம் ஆன பிறகும் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 33 சதவீதம். முன்னேற்றமில்லாத காலத்தின் நடுமதிப்பு 6.7 மாதம். ரெகோராஃபெனிப்பின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் இது பெரிதாகத் தெரிகிறது. அப்படிப் பக்கத்தில் வைப்பது நியாயமில்லை. கபோனில் வெற்று மாத்திரைக் குழு இல்லை. சேர்ந்த நோயாளிகள் வேறு, எண்ணிய முறை வேறு. இரண்டையும் ஒரே ஆய்வில் மோதவிடாதவரை ஒன்று மற்றதைவிட மேல் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் கட்டியின் அழுத்தம் குறைந்தாக வேண்டிய நிலை இருந்தால், உதாரணமாக மூச்சுக் குழாயையோ நரம்பையோ அமுக்குகிறதென்றால், நான் காபோசான்டினிப் பக்கம் சாய்வேன். ஈவிங் சார்கோமா என்ற இன்னொரு எலும்புப் புற்றுநோயில் அதே ஆய்வில் 39 பேரில் 10 பேருக்குக் கட்டி சுருங்கியது. அங்கே அதன் வாதம் இன்னும் வலுவானது.

சோராஃபெனிப் இந்த வரிசையில் மூத்தது. 2012-இல் வந்த இத்தாலிய ஆய்வில் 35 பேர். நான்கு மாதம் முன்னேற்றமில்லாமல் கடந்தவர்கள் 46 சதவீதம். நல்ல தொடக்கம், நிலைக்கவில்லை. அதே குழு ஆய்வகத்தில் காரணத்தைத் தேடியபோது எம்டோர் என்ற பாதை வழியாகச் செல் தப்பிப்பதாகக் கண்டு, அதை அடைக்கும் எவரோலிமஸை சோராஃபெனிப்போடு சேர்த்து 38 பேருக்குக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 45 சதவீதம் பேர் முன்னேற்றமில்லாமல் இருந்தார்கள். முன்கூட்டியே வைத்த இலக்கு 50. எட்டவில்லை. மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குப் பக்கவிளைவால் அளவைக் குறைக்கவோ இடையில் நிறுத்தவோ வேண்டியிருந்தது. கோட்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டு மாத்திரையின் சுமையை ஒரே உடம்பு தாங்க வேண்டும். ரெகோராஃபெனிப் கிடைக்கிற இடத்தில் சோராஃபெனிப்பை நான் முதலில் எடுக்க மாட்டேன். கிடைக்காத இடத்தில் அது தள்ளிவிடக் கூடிய மருந்தும் இல்லை.

அபாடினிப் ஒரு முக்கியமான பாடம். சீனாவில் 37 பேரிடம் நடந்த ஆய்வில் 43 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. இந்த வகை மருந்துகளில் இது மிகப் பெரிய எண். ஆனால் முன்னேற்றமில்லாத காலத்தின் நடுமதிப்பு 4.5 மாதம்தான், சுருங்காமல் நிறுத்திவைத்த மருந்துகள் கொடுத்த காலத்துக்கு அக்கம்பக்கத்திலேயே. நன்றாகச் சுருங்கியது, சீக்கிரம் திரும்பியது. செத்த செல்களின் எண்ணிக்கையும் கிடைத்த நாட்களும் ஒன்றாக ஓடுவதில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை. இதே வகை மாத்திரையான லென்வாடினிப்பை இஃபோஸ்ஃபமைட், எட்டோபோசைட் கீமோவோடு சேர்த்துப் பார்த்தார்கள். முதல் ஆய்வு நம்பிக்கை தந்தது. பிறகு கீமோ மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்ட ஆய்வில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

பரவலை மட்டும் தடுக்கலாம் என்று முயன்றவர்களும் உண்டு. செல்லின் நகர்வுக்கு வேண்டிய எஸ்ஆர்சி என்ற நொதியை அடைக்கும் சராகாடினிப் மாத்திரையை, நுரையீரல் புள்ளிகளை அறுத்து எடுத்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உறுதியான பலன் கிடைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. கண்ணுக்குத் தெரிகிற நாளில் பரவல் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். கழன்று போன செல்கள் நுரையீரலில் குடியேறி உட்கார்ந்திருக்கும். ஓட்டத்தைத் தடுக்கும் மருந்துக்கு அங்கே வேலை குறைவு. ஹெர்2 என்ற புரதம் இருக்கும் கட்டிகளுக்கு டிராஸ்டுசுமாப், எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கும் சோலெட்ரோனிக் அமிலம் இரண்டும் முதல் கட்டச் சிகிச்சையோடு சேர்க்கப்பட்டுப் பலன் கூடாமல் போயின. எலும்பிலேயே பிறக்கும் ஜயன்ட் செல் கட்டிக்கு டெனோசுமாப் என்ற எலும்பு மருந்து அருமையாக வேலை செய்கிறது, 2013-இல் அனுமதியும் பெற்றது. ஆஸ்டியோசார்கோமாவில் அது எடுபடவில்லை. எலும்பு மருந்து என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

கத்தியா, கீமோவா, மாத்திரையா

மாத்திரைகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிடுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. புள்ளிகள் எல்லாவற்றையும் அறுத்து எடுக்க முடியுமா? முடியுமென்றால் மாத்திரைப் பேச்சே அப்புறம்தான். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மருத்துவர்களின் காஸ் குழு, நோய் திரும்பிய 576 பேரைப் பின்தொடர்ந்து 2005-இல் வெளியிட்ட கணக்கில், ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் மொத்தத்தில் 23 சதவீதம். எல்லாக் கட்டியையும் முழுமையாக நீக்க முடிந்தவர்களில் 39 சதவீதம். நீக்க முடியாதவர்களில் ஐந்து வருடம் தாண்டியவர் இல்லை. மேலே சொன்ன எந்த மாத்திரையும் இந்த வித்தியாசத்துக்குப் பக்கத்தில் வந்ததில்லை. நான்கு புள்ளியோ ஐந்து புள்ளியோ, இருபக்க நுரையீரலோ, அனுபவமுள்ள நெஞ்சு அறுவை மருத்துவர் ஒருவர் படத்தைப் பார்த்து முடியாது என்று சொல்லாதவரை, அறுவை என்ற வழியை மூட வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதற்குக் கூச்சப்படவே தேவையில்லை.

அறுக்க முடியாது, நோய் வேகமாக வளர்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது என்றால் அதிக அளவு இஃபோஸ்ஃபமைட் கீமோ, தனியாகவோ எட்டோபோசைட்டோடோ, இன்னும் ஒரு நல்ல வழி. கட்டியைச் சுருக்கி அறுவைக்குக் கொண்டுவரும் வாய்ப்பும் அதில் உண்டு. மருத்துவமனையில் தங்க வேண்டும், ரத்த அணுக்கள் குறையும், சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். முதல் கீமோவில் இஃபோஸ்ஃபமைட் ஏற்கெனவே முழு அளவு போய்விட்டதென்றாலோ, சிறுநீரகம் களைத்திருந்தாலோ, மாத்திரை முன்னுக்கு வருகிறது. வீட்டில் இருந்தபடி எடுக்கலாம் என்பதும் சின்ன விஷயமில்லை. இரண்டு வருடமாக மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த பதினாறு வயதுப் பையனுக்கு அது பெரிய விஷயம்.

மாத்திரை என்று முடிவானால், அடுத்து அறுவை வருமா என்ற கேள்வி மருந்தின் தேர்வையே மாற்றும். பலரும் கவனிக்காத இடம் இது. இந்த மருந்துகள் எல்லாம் ரத்தக் குழாய் முளைப்பதைத் தடுப்பவை. புண் ஆறுவதற்கும் அதே குழாய்கள்தான் வேண்டும். அதனால் அறுவைக்கு முன்னால் நிறுத்த வேண்டும். சோராஃபெனிப்பைக் குறைந்தது 10 நாள் முன்னால், ரெகோராஃபெனிப்பை 2 வாரம் முன்னால், காபோசான்டினிப்பை 3 வாரம் முன்னால். காபோசான்டினிப் உடம்பை விட்டுப் போவது மெதுவாக. பாதி வெளியேறவே நான்கு நாள் ஆகும். அறுவைக்குப் பிறகும் குறைந்தது இரண்டு வாரம், புண் நன்றாக ஆறும்வரை தொடங்கக் கூடாது. நோய் ஒரு மாதத்தில் படி ஏறுகிற வகை என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், இந்த இடைவெளிகளின் கனம் தெரியும். ஆக, வரும் வாரங்களில் நுரையீரல் அறுவைக்குத் தேதி குறிக்க வாய்ப்பு இருந்தால், மாத்திரையைத் தொடங்கிவிட்டு யோசிக்காமல், யோசித்துவிட்டுத் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்.

உள்ளங்கையும் குதிகாலும்

பக்கவிளைவுகளில் எல்லாருக்கும் தெரிந்தது வயிற்றுப்போக்கு, களைப்பு, ரத்த அழுத்தம் ஏறுவது. தைராய்டு மந்தமாவது, சிறுநீரில் புரதம் போவது ஆகியவை ரத்த, சிறுநீர்ப் பரிசோதனையில்தான் தெரியும். ரெகோராஃபெனிப்புக்குக் கல்லீரல் பற்றித் தனி எச்சரிக்கை உண்டு. முதல் இரண்டு மாதமும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது கல்லீரல் சோதனை செய்ய வேண்டும். ஏற்கெனவே கல்லீரல் சரியில்லாதவருக்கு நான் அதை முதலில் நினைக்க மாட்டேன்.

ஆஸ்டியோசார்கோமா நோயாளிக்கென்றே கூடுதலாகக் கடிப்பது தோல். தொடங்கிய சில வாரங்களுக்குள் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், எங்கே அழுத்தம் விழுகிறதோ அங்கே, தோல் சிவந்து தடித்துக் கொப்பளிக்கும். காலில் அறுவை செய்துகொண்ட பிள்ளை ஊன்றுகோலில் நடக்கிறது; முழு எடையும் உள்ளங்கையில். சரியான காலின் குதிகாலில் இரட்டைச் சுமை. மற்ற நோயாளிக்கு எரிச்சலாக இருப்பது இந்தப் பிள்ளையை நடக்கவிடாமல் படுக்க வைத்துவிடும். மருந்து தொடங்குவதற்கு முன்னாலேயே குதிகாலின் காய்ப்பை எடுத்துவிட்டு, யூரியா கலந்த களிம்பு தடவத் தொடங்கி, ஊன்றுகோல் பிடியில் பஞ்சுறை சுற்றி, மெத்தென்ற செருப்பு வாங்கிவிடுவது நல்லது. கொப்பளம் வந்தால் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள். சில நாள் நிறுத்தி, அளவைக் குறைத்துத் தொடர்வது தோல்வி இல்லை. ஆய்வுகளில் இருந்தவர்களில் பெரும்பங்குப் பேர் அப்படித்தான் தொடர்ந்தார்கள்.

இன்னொன்று அவசரமானது. நுரையீரலின் உறையை ஒட்டிய புள்ளி மருந்தால் உள்ளே செத்துக் குழியாகும்போது, சில சமயம் உறை கிழிந்து நெஞ்சுக்குள் காற்று புகுந்துவிடும். மருந்து வேலை செய்வதே ஆபத்தாக மாறும் தருணம் இது. திடீரென்று ஒருபக்க நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். புள்ளிகள் எங்கே இருக்கின்றன, உறையை ஒட்டியா என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடும் முறையும் மருந்துக்கு மருந்து வேறு, மாற்றிக் குழப்பிவிடக் கூடாது. ரெகோராஃபெனிப்பைக் கொழுப்பு குறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று வாரம் எடுத்து, ஒரு வாரம் விட வேண்டும். காபோசான்டினிப்பை நாள்தோறும் வெறும் வயிற்றில். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். சோராஃபெனிப் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, அதுவும் வெறும் வயிற்றில். பள்ளிக்கூடம், தூக்கம், வாந்தி என்று ஓடும் ஒரு வீட்டில் எந்த நேர அட்டவணையைக் கடைப்பிடிக்க முடியும் என்பதும் தேர்வுக்கு ஒரு நியாயமான காரணம்தான். இன்னும் உயரம் கூடிக்கொண்டிருக்கும் பிள்ளையானால், எலும்பின் வளர்ச்சித் தகட்டை இவ்வகை மருந்துகள் பாதிக்க முடியும் என்பதால், அதையும் அவ்வப்போது பார்க்கச் சொல்ல வேண்டும்.

தொடங்கிய எட்டாவது வாரத்தை ஒட்டி ஸ்கேன் எடுப்பார்கள். அறைக்குள் போகும்போது பழைய படமும் புதுப் படமும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். பழைய புள்ளி அதே அளவில் இருந்து, நடுவில் கருமையாகக் குழி விழுந்திருந்தாலோ, சுண்ணாம்பு ஏறி இன்னும் வெளுத்திருந்தாலோ, கூடவே புதுப் புள்ளி எதுவும் இல்லாமலும் இருந்தால், மாத்திரை தன் வேலையைச் செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: நோய் இப்போது நின்றிருக்கிறது, இந்த இடைவெளியில் மிச்சமிருப்பதை அறுத்து எடுக்க முடியுமா?